அஜ்மலின்: ஆசிரியரின் பெயரைச் சுமக்கும் மருந்தும், அதைக் கண்டெடுத்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கீயும்

ஐரோப்பாவின் பெரிய இதய மருத்துவமனைகளில் ஒரு சோதனை நடக்கிறது. குடும்பத்தில் யாரோ ஒருவர், பெரும்பாலும் இளவயதுக்காரர், எந்த நோயும் வெளியே தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோயிருப்பார். கூடப்பிறந்தவர்களுக்கும் அதே ஆபத்து இருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்க்க வேண்டும். ஈசிஜி எடுத்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அப்போது அவரைப் படுக்க வைத்து, நரம்பு வழியாக ஒரு மருந்தை மெல்ல மெல்லச் செலுத்துகிறார்கள். உடலில் ப்ருகாடா நோய்க்குறி ஒளிந்திருந்தால், சில நிமிடங்களில் ஈசிஜி கோடு அதற்கே உரிய வடிவத்தில் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். 1992இல் ப்ருகாடா சகோதரர்கள் விவரித்த நோய் அது. அதைக் கண்டறியப் பயன்படும் அந்த மருந்தின் பெயர் அஜ்மலின்.

அந்தப் பெயரில் இருக்கும் அஜ்மல், டெல்லியின் ஹகீம் அஜ்மல் கான். பெயரைச் சூட்டியவர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கீ. சித்தீக்கீ மறைந்து முப்பதாண்டுகள் கடந்துவிட்டன. பாகிஸ்தானில் அவரை எல்லோருக்கும் தெரியும். நம் பக்கத்தில் கேட்டால் ஒருவர் இருவர்கூடத் தேறமாட்டார்கள்.

முஸ்லிம் விஞ்ஞானிகள் என்று கட்டுரை எழுத உட்கார்ந்தால் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? ஜாபிர் இப்னு ஹய்யான், அர்ராஸி, இப்னு சீனா, இப்னுல் ஹைஸம் என்று பட்டியல் போட்டு, பக்தாத் வீழ்ந்ததோடு முடித்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு எழுநூறு ஆண்டுகள் யாருமே பிறக்காதது போல. நாமும் இந்தப் பக்கத்தில் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறோம், ஒப்புக்கொள்கிறோம். ஆகவே இம்முறை நம் பாட்டனார் காலத்து மனிதர் ஒருவரைப் பற்றிப் பார்ப்போம்.

1897 அக்டோபர் 19ஆம் நாள் லக்னோவுக்கு அருகே பாராபங்கி மாவட்டத்தின் சுபேஹாவில் பிறந்தார் சலீமுஸ்ஸமான். படித்த குடும்பம், அரசியல் குடும்பமும்கூட. முஸ்லிம் லீக்கின் பெரிய தலைவர்களில் ஒருவரான சவுத்ரி கலீக்குஸ்ஸமான் இவருடைய அண்ணன். அலீகரில் முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியில் தத்துவமும் பாரசீகமும் படித்து 1919இல் பட்டம் பெற்றார். ஆம், வேதியியல் அல்ல. உருதுக் கவிதையும் ஓவியமும்தான் அந்த வயதில் அவருடைய உலகம். 1920இல் மருத்துவம் படிக்க லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்தார். ஓராண்டில் அதை விட்டுவிட்டு ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபுர்ட் நகருக்குப் போய், கரிம வேதியியலில் நுழைந்தார். இன்று ஒரு பையன் இப்படி மூன்று துறை மாறினால் வீட்டில் என்ன பாடு படுவான் என்று நினைத்துப் பார்க்கிறோம்.

ஃப்ராங்க்ஃபுர்ட்டில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் யூலியஸ் ஃபான் பிரவுன். நைட்ரஜன் கலந்த கரிமச் சேர்மங்களைக் கவனமாக உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஒரு வினை அவர் பெயரிலேயே இருக்கிறது. தாவரங்களின் வேரிலும் பட்டையிலும் விதையிலும் இருக்கும் கசப்பான, வீரியமான பொருட்களுக்கு ஆல்கலாய்டு என்று பெயர். அபினில் இருக்கும் மார்ஃபின், சின்கோனா பட்டையில் இருக்கும் குயினைன், எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னைன் எல்லாம் இந்த இனம். நைட்ரஜன்தான் இவற்றின் அடையாளம். ஆகவே ஃபான் பிரவுனிடம் கற்ற வித்தை சித்தீக்கீக்கு வாழ்நாள் முழுதும் கைகொடுத்தது. உடன் படித்த ஜெர்மானியப் பெண் எத்தல் வில்ஹெல்மினா ஷ்னீமனை 1924இல் மணந்தார். 1927இல் டாக்டர் பட்டம் பெற்றார். படிப்புக்கு நடுவே அந்த நகரிலேயே தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி ஹகீம் சாஹிப். மஸீஹுல் முல்க் என்று மக்கள் அழைத்த ஹகீம் அஜ்மல் கான், காங்கிரஸின் தலைவராக இருந்தவர், ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை நிறுவியவர்களில் ஒருவர், அதன் முதல் வேந்தர். ஆனால் அடிப்படையில் அவர் தலைமுறை தலைமுறையாக வந்த யூனானி மருத்துவர். டெல்லி கரோல் பாக்கில் அவர் எழுப்பிய ஆயுர்வேத யூனானி திப்பியா கல்லூரியை 1921இல் காந்தி திறந்து வைத்தார். ஹகீம்களும் வைத்தியர்களும் கையாளும் மூலிகைகளை இன்றைய வேதியியல் முறைப்படி சோதித்துப் பார்க்க ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நாம் நம்பும் ஒன்று. அந்த நம்பிக்கை இருப்பவன் சோதனைக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்பதுதான் ஹகீம் சாஹிபின் போக்கு. தன் பரம்பரையின் மருந்துப் பெட்டியை ஒரு ஜெர்மன் பட்டதாரியிடம் திறந்து கொடுக்க அந்தக் காலத்தில் எத்தனை ஹகீம்கள் முன்வந்திருப்பார்கள்?

அந்த ஆய்வுக்கூடத்தை அமைக்கும் பொறுப்பு சித்தீக்கீயிடம் வந்தது. திட்டமெல்லாம் போட்டு முடிப்பதற்குள், 1927 டிசம்பர் இறுதியில் ஹகீம் அஜ்மல் கான் மரணமடைந்தார். ஆதரவளித்த மனிதர் போய்விட்டார். சித்தீக்கீ போகவில்லை. 1940 வரை அங்கேயே இருந்தார்.

அவர் கையில் எடுத்த மூலிகைகளில் ஒன்று சர்ப்பகந்தி. யூனானியில் அஸ்ரோல். வட இந்தியக் கிராமங்களில் இதைப் பைத்தியத்துக்கான மருந்து என்றே அழைத்தார்கள். தூக்கமின்மைக்கும் மனக்கலக்கத்துக்கும் பாம்புக்கடிக்கும் கொடுத்தார்கள். அறிவியல் பெயர் ரவுல்ஃபியா செர்பென்டினா. இந்தப் பெயருக்கு ஒரு சின்னக் கதை உண்டு. லியோன்ஹார்ட் ரவுல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் 1570களில் மூலிகைகளைத் தேடி அலெப்போவுக்கும் பக்தாதுக்கும் பயணம் செய்தார். முஸ்லிம்கள் காபி குடிப்பதை ஐரோப்பியர்களுக்கு முதன்முதலில் எழுதிச் சொன்னவர்களில் ஒருவர் அவர். நம் தேசத்து வேர் அவர் பெயரைச் சுமக்கிறது, ஆனால் அவர் இந்தியாவுக்கே வந்ததில்லை!

வேரிலிருந்து மருந்தைப் பிரிப்பது எப்படி? காய்ந்த வேரைப் பொடித்து ஆல்கஹாலில் ஊறவைக்க வேண்டும். ஊறிய சாற்றை வற்றவைத்து அமிலம் சேர்த்தால் ஆல்கலாய்டுகள் உப்பாக மாறி நீரில் கரைந்து நிற்கும், பிசினும் கொழுப்பும் ஒதுங்கும். பிறகு காரத்தைச் சேர்த்தால் ஆல்கலாய்டுகள் நீரை விட்டு வெளியேறும். ஈதர் போன்ற கரைப்பானில் அவற்றை வாரி எடுக்கலாம். எடுத்தது கலவைதான். அதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிகமாக்குவதில்தான் கைத்திறன். படிகம் தூய்மையானதா என்று பார்க்க அன்று இருந்த கருவிகள் மிகக் குறைவு. எந்த வெப்பத்தில் உருகுகிறது என்று பார்ப்பார்கள். கரைசல் வழியாக ஒளியைச் செலுத்தி, அது ஒளியின் தளத்தை எந்தப் பக்கம் எத்தனை பாகை திருப்புகிறது என்று போலரிமீட்டரில் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

1931இல் ரஃபத் ஹுசைன் சித்தீக்கீயுடன் சேர்ந்து இந்திய வேதியியல் கழகத்தின் இதழில் தன் முடிவை வெளியிட்டார். அந்த ஒரே வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகள். வெள்ளைப் படிகங்களாக வந்த மூன்று வலுக்குறைந்த காரங்களுக்கு அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின் என்று பெயரிட்டார். மஞ்சளாக வந்த வலுவான இரண்டுக்குச் செடியின் பெயரிலிருந்து செர்பென்டின், செர்பென்டினின் என்று வைத்தார். ஐந்தில் மூன்று, இறந்துபோன ஆசிரியருக்கு. தன் பெயரையோ ஜெர்மன் பேராசிரியரின் பெயரையோ ஆட்சியில் இருந்த யாராவது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயரையோ வைத்திருக்கலாம். பதவி உயர்வுக்குக்கூட அது உதவியிருக்கும்.

பிறகு அதே வேரின் மிச்சக் கரைசலிலிருந்து ஐசோஅஜ்மலின், நியோஅஜ்மலின் என்று மேலும் இரண்டைப் பிரித்தார். இதில் ஐசோஅஜ்மலின்தான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய பொருள். அஜ்மலினில் 20 கார்பன், 26 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள். ஐசோஅஜ்மலினிலும் அதே எண்ணிக்கைதான். எந்த அணு எந்த அணுவோடு சேர்ந்திருக்கிறது என்பதிலும் வேறுபாடில்லை. இருந்தும் இரண்டும் வெவ்வேறு வெப்பத்தில் உருகுகின்றன, ஒளியை வெவ்வேறு அளவில் திருப்புகின்றன. அஜ்மலினைச் சூடாக்கினாலே அது ஐசோஅஜ்மலினாக மாறிவிடுகிறது. எதுவும் சேரவில்லை, எதுவும் போகவில்லை. அப்படியானால் மாறியது என்ன?

பள்ளிவாசல் வாசலில் கழற்றிப்போட்ட செருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இடது செருப்பும் வலது செருப்பும் ஒரே தோல், ஒரே அளவு, ஒரே தையல். ஆனாலும் ஒன்று மற்றொன்றின் காலுக்குப் பொருந்தாது. கார்பன் அணுவின் நான்கு கைகளும் ஒரு முக்கோணக் கூம்பின் நான்கு முனைகளை நோக்கி நீளுகின்றன. அந்த நான்கிலும் நான்கு வெவ்வேறு பொருட்கள் மாட்டியிருந்தால், மாட்டும் முறை இரண்டு வரும்: இடது போல ஒன்று, வலது போல ஒன்று. 1848இல் பாஸ்டர் திராட்சை ரசத்தில் கிடைக்கும் உப்பின் படிகங்களை இடுக்கியால் இடம் வலமாகப் பிரித்து இதற்கு வழி காட்டினார். மூலக்கூறின் இந்த முப்பரிமாண அமைப்பை ஆராயும் துறைக்கு ஸ்டீரியோகெமிஸ்ட்ரி என்று பெயர். அஜ்மலினில் இப்படி இடம் வலம் பார்க்க வேண்டிய கார்பன்கள் 9. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு என்றால் கணக்குப்படி 512 வடிவங்கள். உள்ளே ஆறு வளையங்கள் கூண்டு போலப் பின்னிக் கிடப்பதால் பல வடிவங்கள் நடைமுறையில் சாத்தியமில்லை. இருந்தாலும் மிச்சமிருப்பவற்றில் செடி எதைச் செய்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

இதெல்லாம் வேதியியலாளர்களின் வீண் பொழுதுபோக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இதே சர்ப்பகந்தி வேரில் இருக்கும் ரெசர்ப்பின் என்ற ஆல்கலாய்டு இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். அதன் ஒரே ஒரு கார்பனில் ஹைட்ரஜன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறிவிட்டால் ஐசோரெசர்ப்பின் கிடைக்கும். அதில் அந்த மருந்துக் குணம் இல்லை. அணுக்கள் அத்தனையும் அப்படியே இருக்க, திசை மாறியதும் மருந்து போய்விடுகிறது.

ரெசர்ப்பின் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சர்ப்பகந்தியில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் முக்கியப் பொருளும், மனக்கலக்கத்தைத் தணிக்கும் முக்கியப் பொருளும் அதுதான். ஆனால் அது சித்தீக்கீயின் ஐந்தில் இல்லை, அடுத்த இரண்டிலும் இல்லை. அமிலத்தையும் காரத்தையும் வைத்து வாரி எடுக்கும் முறையில் ரெசர்ப்பின் சரியாகப் பிடிபடாது. மிகவும் வலுக்குறைந்த காரம் அது, பிசினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கல்கத்தாவில் ராம்நாத் சோப்ராவின் ஆய்வகம், தூக்கம் தரும் குணம் பிசின் பகுதியில் இருப்பதைக் கவனித்தது. மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தி தன் நோயாளிகளின் இரத்த அழுத்தத்தைக் குறைத்ததை 1949இல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதிய பிறகு உலகம் விழித்தது. 1952இல் ஸ்விட்சர்லாந்தின் ஸீபா நிறுவனத்தில் முல்லர், ஸ்லிட்லர், பெய்ன் ஆகிய மூவர் ரெசர்ப்பினைப் பிரித்தெடுத்தார்கள். லாபமும் புகழும் அங்கே போயின. சித்தீக்கீ அழகான படிகங்களைப் பின்தொடர்ந்தார், ஸீபா குழு மருந்தின் குணத்தைப் பின்தொடர்ந்தது. நம் கணிப்பில் வேறுபாடு அங்கேதான். அவர் எதையும் தவறாகச் சொல்லவில்லை. தன் சல்லடையில் நின்றதைச் சரியாகச் சொன்னார். இருபதாண்டுகள் முன்னால் இருந்தும் பரிசு கை நழுவியது.

அஜ்மலினின் உருவத்துக்கு வருவோம். அன்றைய முறை, மூலக்கூறை வினைகளால் உடைத்து, துண்டுகளை அடையாளம் கண்டு, அவை எப்படிச் சேர்ந்திருந்தன என்று தாளில் பின்னோக்கி யோசிப்பது. உடைந்த பானையின் ஓடுகளைச் சேர்த்துப் பானையை ஊகிப்பது போல. கரோல் பாக் ஆய்வுக்கூடத்தின் வசதியில் ஆறு வளையக் கூண்டை அப்படித் திறந்துவிட முடியாது. 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் சர் ராபர்ட் ராபின்சனின் குழு அதில் இறங்கி, பெரும் பகுதியை வெளிக்கொண்டு வந்தது. 1956இல் ஹார்வர்டின் உட்வர்ட் சட்டகத்தைச் சரியாக வரைந்தார். இருவரும் நோபல் பரிசு பெற்ற மேதைகள் என்பதை வைத்தே டெல்லிக்காரர் கொடுத்த புதிரின் கனத்தைப் புரிந்துகொள்ளலாம்.

ஐசோஅஜ்மலின் புதிரும் அப்போதுதான் அவிழ்ந்தது. அஜ்மலினில் நைட்ரஜனும் ஹைட்ராக்சிலும் ஒரே கார்பனில் மாட்டியிருக்கும் ஓர் இடம் உண்டு. சூட்டில் அந்த இடம் கதவு போலத் திறந்து ஆல்டிஹைடாக மாறுகிறது. திறந்திருக்கும் நேரத்தில் பக்கத்துக் கார்பனின் பிடி தளர்ந்து, அதிலிருக்கும் எத்தில் தொகுதி எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. கதவு மறுபடி மூடும்போது உள்ளே இருப்பது வேறொரு பொருள். சித்தீக்கீ பிரித்து வைத்த ஜோடியே சட்டகத்தின் அந்தப் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சாட்சியாகி நின்றது. மிச்சக் கரைசலைக் கொட்டிவிடாமல் அதிலிருந்தும் ஒன்றைத் தூய்மையாக எடுத்து வைத்ததால் கிடைத்த சாட்சி அது.

சட்டகம் தெரிந்தாலும் 9 கார்பன்களின் இடம் வலம் மிச்சமிருந்தது. 1960களின் தொடக்கத்தில்தான் ஸ்லிட்லர், வென்கர்ட் முதலானோரின் குழுக்கள் அதை முடித்து வைத்தன. எந்தக் கை எந்தக் கைக்கு எட்டுகிறது, எவை ஒரே பக்கத்தில் நின்று ஒன்றோடொன்று வினைபுரிகின்றன, எவை எதிரெதிரே நின்று பேசாமலிருக்கின்றன என்று வினை வினையாகச் சோதித்து முடிவு கட்டினார்கள். 1967இல் மசமுனே அஜ்மலினை முழுக்க முழுக்க ஆய்வகத்தில் செய்து காட்டினார். டெல்லியில் முதல் படிகம் விழுந்ததிலிருந்து 36 ஆண்டுகள்.

இதற்கிடையில் சித்தீக்கீயின் வாழ்க்கையே திசை மாறிவிட்டது. 1940இல் அவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் தலைமையில் உருவாகிக்கொண்டிருந்த இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி அமைப்பில் சேர்ந்தார். அங்கேதான் 1942இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்ற கசப்புப் பொருட்களைப் பிரித்தார். நம் ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும், வேப்பங்குச்சியால் பல் துலக்குவதும் காலங்காலமாக நடப்பவை. ஆனால் வேம்பின் கசப்பு எது என்று தனியே எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் காட்டிய முதல் வேதியியலாளர் அவர்தான். குடசப்பாலைப் பட்டையின் ஆல்கலாய்டுகளிலும் நிறைய உழைத்திருக்கிறார்.

1947இல் நாடு பிரிந்தது. அண்ணன் கலீக்குஸ்ஸமான் கராச்சிக்குப் போய்விட்டார். தம்பி போகவில்லை. நான்கு ஆண்டுகள் டெல்லியில், தன் ஆய்வகப் பொறுப்பிலேயே இருந்தார். கடைசியில் பிரதமர் லியாகத் அலி கானின் அழைப்பை ஏற்று 1951இல் பாகிஸ்தான் சென்றார். அவர் மனதில் என்ன ஓடியது என்று நாம் ஊகிக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும் வெளிப்படை. இந்தியாவில் இருந்தவர்களுக்கு அவர் போய்விட்டவர் ஆனார். அங்கே அவருடைய கதை பெரும்பாலும் 1951இலிருந்து பேசப்பட்டது. கரோல் பாக்கின் பதின்மூன்று ஆண்டுகள் இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடப்படாமல் நடுவில் விழுந்து கிடந்தன.

பாகிஸ்தானில் 1953இல் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமத்தை அமைத்தார். கராச்சி, லாகூர், பெஷாவர், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்கா, ராஜ்ஷாஹி என்று ஆய்வகங்கள் எழுந்தன. 1961இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. விருதுகள் நிறைய. அவற்றைப் பட்டியலிட்டு இடத்தை நிரப்ப வேண்டியதில்லை.

1966இல் ஓய்வு பெற்றார். வயது 69. நம்மில் பலர் அந்த வயதில் அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே பள்ளித் திண்ணையில் பேசிக்கொண்டிருப்போம், அதில் தவறேதுமில்லை. இவர் அடுத்த ஆண்டே கராச்சி பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுநிலை ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1976இல் லத்தீஃப் இப்ராஹிம் ஜமால் அறக்கட்டளை 50 லட்சம் ரூபாய் நன்கொடை அளித்தது. ஹுசைன் இப்ராஹிம் ஜமால் ஆய்வு நிலையம் என்று அதற்குப் பெயர் மாறியது. ஒரு வணிகக் குடும்பத்தின் செல்வம் கல்யாண மண்டபமாகவோ இன்னொரு மினாராவாகவோ ஆகாமல் ஆய்வகமானது என்பதை, நம் ஊர்ச் செல்வந்தர்களின் பார்வைக்கு, மரியாதையுடன் இங்கே பதிவு செய்கிறோம்.

அடுத்த ஆண்டு இணை இயக்குநராக வந்து சேர்ந்தவர் அத்தாவுர் ரஹ்மான். நித்தியகல்யாணிச் செடியின் ஆல்கலாய்டுகளில் தேர்ந்தவர். புற்றுநோய்க்குத் தரப்படும் வின்பிளாஸ்டின் அந்தச் செடியில்தான் கிடைக்கிறது. அது இரண்டு பெரிய துண்டுகள் இணைந்த மூலக்கூறு. இரண்டும் சேரும் இடத்தில் கார்பனின் திசை சரியாக இருந்தால்தான் அது மருந்து. எதிர்த்திசையில் சேர்ந்தால் பயனில்லை. அஜ்மலினில் சித்தீக்கீ உருகுநிலையையும் போலரிமீட்டரையும் வைத்து வாசல் வரை போய் நின்ற அதே கேள்விதான் இதுவும். இப்போது அவருடைய நிலையத்திலேயே காந்த அதிர்வுக் கருவிகள் வந்திறங்கின. அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் தரும் சைகைகளைப் படித்து, எந்த ஹைட்ரஜன் எதற்கு அருகில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று மூலக்கூறை உடைக்காமலேயே பார்க்க முடிந்தது. முன்பு முப்பது ஆண்டுகள் எடுத்த வேலையைச் சில வாரங்களில் முடிக்கலாம் என்றானது.

எண்பது வயதைத் தாண்டிய சித்தீக்கீ அந்தக் கருவிகளோடு மறுபடியும் வேம்புக்குத் திரும்பினார். பீனா ஷாஹீன் சித்தீக்கீ, ஷாஹீன் ஃபைஸி போன்ற பெண் ஆய்வாளர்கள் அவரோடு உழைத்தார்கள். வேப்பிலையிலும் பழத்திலும் பட்டையிலும் புதிது புதிதாகப் பொருட்களைப் பிரித்து, இம்முறை அவற்றின் முப்பரிமாண அமைப்பையும் சேர்த்தே வெளியிட்டார்கள். 1942இல் டெல்லியில் தொடங்கிய வேலையின் மறுபாதி 1980களில் கராச்சியில் நடந்தது. வேம்பிலிருந்து 1968இல் இங்கிலாந்தில் பிரிக்கப்பட்ட அசாடிராக்டின் என்ற பூச்சிக்கொல்லிப் பொருளில் இடம் வலம் பார்க்க வேண்டிய கார்பன்கள் 16. அதைக் கேம்பிரிட்ஜில் செயற்கையாகச் செய்து முடிக்க 22 ஆண்டுகள் பிடித்தன. அது நிறைவேறியது 2007இல், சித்தீக்கீ பார்க்கவில்லை.

இவ்விடத்தில் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சர்ப்பகந்தி வேரைக் காய்ச்சிக் குடித்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்பி இறங்கிவிடாதீர்கள். ஒரே வேரில் இதயத்துடிப்பை மாற்றும் பொருளும், அழுத்தத்தைச் சரேலென இறக்கும் பொருளும், மனச்சோர்வில் தள்ளக்கூடிய பொருளும் சேர்ந்தே கிடக்கின்றன. ஒரு வேரில் எது எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதைப் பிரித்து அளந்து கொடுப்பதற்காகத்தான் இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் உழைத்தார்கள். அஜ்மலின் சோதனையைக்கூட மருத்துவமனையில், அவசர சிகிச்சைக்கு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள்.

1990இல் இயக்குநர் பொறுப்பை அத்தாவுர் ரஹ்மானிடம் ஒப்படைத்தார் சித்தீக்கீ. அப்போது அவருக்கு வயது 92. பொறுப்பை விட்டபிறகும் ஆய்வை விடவில்லை. 1994 ஏப்ரல் 14ஆம் நாள், சிறிது காலம் நோயுற்றிருந்து, கராச்சியில் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருடைய ஆய்வு நிலையம் இருக்கும் அதே கராச்சி பல்கலைக்கழக வளாகத்தின் மையவாடியில் அவரை அடக்கம் செய்தார்கள்.